பார்க்குக்கு முதல் ஸ்கீ: வளையவும் வேண்டும், உழைக்கவும் வேண்டும்

டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் காலிங்வுட் ஊரை ஒட்டிய ப்ளூ மவுன்டன் ஸ்கீ மலை வந்துவிடும். உச்சியிலிருந்து அடிவாரம் வரை மொத்த இறக்கம் சுமார் 220 மீட்டர்தான். மேற்கே விஸ்லர் பிளாக்கோம்பில் அது 1,500 மீட்டரைத் தாண்டும். ஒன்டாரியோவின் குட்டி மலைகளில், தாவவும் சறுக்கவும் தடைகள் அமைத்த டெரெய்ன் பார்க்குக்கு இவ்வளவு கூட்டம் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். லிஃப்டில் ஏறி, பாக்ஸ் என்ற பெட்டி மேடையிலும் ரெயில் என்ற எஃகுக் கம்பியிலும் சறுக்கி, சின்ன ஜம்ப் ஒன்றைத் தாண்டி, சில நிமிடங்களில் மறுபடி லிஃப்டுக்கு வந்துவிடலாம். ஒரே ரெயிலில் ஒரு இரவுக்குள் இருபது முறைகூட ஏறலாம். ஸ்கீயின் ஓரத்து எஃகுப் பட்டையான எட்ஜ் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

சரிவில் திரும்பவும் நிற்கவும் ஏற்கெனவே தெரிந்து, பார்க்குக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முதல் பார்க் ஸ்கீயை வாங்கியபோது கடையில், "இது கெட்டியானது, சீக்கிரம் உடையாது" என்றார்கள். நம்பி வாங்கினேன். என் எடைக்கு அது வளையவே இல்லை. இரண்டாம் வாரத்தில் எட்ஜிலும் விரிசல் விழுந்தது. கெட்டியாக இருப்பது வேறு, உழைப்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்கீ வளைய வேண்டிய இடம் முனையும் வாலும். அடி வாங்குகிற இடம் பாதத்துக்குக் கீழே. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து வாங்கினால் போதும்.

படி 1: வடிவமும் அளவும்

முனையைப் போலவே வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும் ட்வின் டிப் ஸ்கீதான் வேண்டும். பின்பக்கமாகச் சறுக்கவும், பின்பக்கமாகத் தரையிறங்கவும் அந்த வளைவு உதவும். 1998இல் சாலமன் நிறுவனம் கொண்டுவந்த டென் எய்ட்டி என்ற ஸ்கீதான் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் கனடாவின் மைக் டக்ளஸும் அவருடைய கூட்டாளிகளும். 2014இல் சோச்சியில், ரெயில்களையும் ஜம்ப்புகளையும் வரிசையாகக் கடக்கும் ஸ்லோப்ஸ்டைல் ஸ்கீயிங் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற டாரா ஹவலும் ஒன்டாரியோக்காரர்தான்.

நடுப்பகுதியின் அகலம் 84 முதல் 92 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் உங்கள் உயரத்தைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் சுழற்ற எளிது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 160 முதல் 165க்குள் தேடலாம். பாதத்துக்குக் கீழே வில்போல மேலே எழும்பிய கேம்பரும், இரு முனைகளில் பனியைத் தொடாமல் மேலே வளையும் ராக்கரும் சேர்ந்த வகை நல்லது. இங்குள்ள இறுகிய பனியில் பிடிப்பும் இருக்கும், முனை சிக்கிக்கொள்வதும் குறையும்.

படி 2: கையால் வளைத்துப் பாருங்கள்

நிறுவனங்கள் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு மென்மையைச் சொல்வார்கள். அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் ஐந்து இன்னொருவரின் ஏழாக இருக்கும். அதனால் கையை நம்புங்கள்.

ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடிப்பரப்பு வெளியே புடைக்கும்படி மறு கையால் நடுவில் அழுத்துங்கள். அப்புறம் கையை மேலே நகர்த்தி, முனைப் பகுதியை மட்டும் அழுத்துங்கள். முனை சுலபமாக வளைந்து, நடுப்பகுதி ஓரளவு எதிர்த்து நின்றால் அதுதான் நமக்கான ஸ்கீ. நடுவும் துவண்டு போனால் வேண்டாம். சின்ன ஜம்ப்பில் தரையிறங்கும்போதே கால் தடுமாறும். கடையில் வேறு ஒரு கெட்டியான ஸ்கீயையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அடுத்தடுத்து வளைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

மென்மையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. முனையில் எடையைச் சாய்த்து வாலைத் தூக்கிச் சுழலும் பட்டர் என்ற வித்தையை மெதுவான வேகத்திலேயே பழகலாம். பின்னால் சாய்ந்து மோசமாகத் தரையிறங்கினாலும் மெல்லிய ஸ்கீ கொஞ்சம் மன்னிக்கும். பெரிய ஜம்ப்புகளில் வேகமாகப் போகும்போது அதே மென்மை ஸ்கீயை நடுங்க வைக்கும் என்பதும் உண்மை. ஆனால் முதல் இரண்டு பருவங்களில் நீங்கள் அங்கே போகப்போவதில்லை.

படி 3: உழைக்குமா என்று பாருங்கள்

முதலில் எட்ஜ். ஸ்கீயைக் கவிழ்த்து, ஓரமாக ஓடும் எஃகுப் பட்டையைப் பாருங்கள். சாதாரண ஸ்கீயில் அது சுமார் 2 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பார்க்குக்கென்றே செய்தவற்றில் 2.5 வரை போகும். அரை மில்லிமீட்டர் என்று அலட்சியப்படுத்த வேண்டாம். ரெயிலும் எஃகு, எட்ஜும் எஃகு. மேலே குதித்து விழும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டைதான் அடி வாங்குகிறது.

அடுத்தது பக்கச்சுவர். மேல்தகடு மடிந்து எட்ஜ் வரை இறங்கும் கேப் வகையும் உண்டு, எட்ஜுக்கு மேல் கெட்டிப் பிளாஸ்டிக் சுவர் நிற்கும் சைட்வால் வகையும் உண்டு. பாதத்துக்குக் கீழாவது சைட்வால் இருப்பதை வாங்குங்கள். அடியை அது தாங்கிக்கொள்ளும்.

உள்ளே மரம் இருக்க வேண்டும். வெறும் நுரை நிரப்பிய மலிவு ஸ்கீ சீக்கிரமே துள்ளலை இழந்துவிடும். ஓரிகனின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஆன்த்ரீபி (ON3P) நிறுவனம் மூங்கில் உள்ளகமும் தடித்த எட்ஜும் போட்டுச் செய்வதற்காகவே பெயர் பெற்றது. விலை கூடுதல்தான். தொடக்கநிலைக்கு கே2 நிறுவனத்தின் பிரஸ் போன்ற மென்மையான ஸ்கீயும் போதுமானது.

அடிப்பரப்பில் சின்டர்டு, எக்ஸ்ட்ரூடட் என்று இரண்டு வகை. முதலாவது கடினமானது, மெழுகை நன்றாக உறிஞ்சி வேகமாக ஓடும். இரண்டாவது கொஞ்சம் மந்தம், ஆனால் கீறலை உருக்கி அடைப்பது சுலபம். இதற்காக ரொம்பக் குழம்ப வேண்டாம்.

படி 4: பைண்டிங்

பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கை, ஸ்கீயின் நடுவிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால், அல்லது நிறுவனம் குறித்திருக்கும் கோட்டில் பொருத்தச் சொல்லுங்கள். சரியாக நடுவில் பொருத்தினால் சுழற்றுவது சுலபம், ஆனால் முன்பகுதி குட்டையாகிவிடும். மென்மையான முனையோடு அதுவும் சேர்ந்தால் முன்னால் கவிழும் வாய்ப்பு அதிகம்.

கழன்று விடுபடும் அழுத்தத்தைக் காட்டும் டின் எண்ணை, உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்துக் கடையில் கணக்கிடுவார்கள். பார்க்கில் யாராவது "இன்னும் ரெண்டு ஏத்திக்கோ, கழலாது" என்பார்கள். கேட்காதீர்கள். விழும்போது பைண்டிங் கழலாவிட்டால் முழங்கால்தான் திருகும்.

படி 5: பழையதை வாங்குவதானால்

பழையது வாங்குவதில் தப்பே இல்லை. எட்ஜ் நெடுக மெதுவாக விரல் நகத்தை ஓட்டுங்கள். மயிரிழை விரிசல் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. எட்ஜ் வெளியே பிதுங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முனையிலும் வாலிலும் அடுக்குகள் பிரிந்திருக்கிறதா என்று பிதுக்கிப் பாருங்கள். மூன்று முறை பைண்டிங் மாற்றி, சல்லடையாகத் துளை போட்ட ஸ்கீ வேண்டாம். பைண்டிங் எந்த மாடல் என்று குறித்துக்கொண்டு, கடையில் அதைச் சரிசெய்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள். நிறுவனம் பொறுப்பேற்பதை நிறுத்திவிட்ட பழைய மாடல்களைப் பல கடைகள் தொடவே மாட்டார்கள்.

படி 6: முதல் ரெயிலுக்கு முன்

புது ஸ்கீயின் எட்ஜ் கத்தி போல இருக்கும். ரெயிலில் பக்கவாட்டில் சறுக்கும்போது ஒரு சின்னப் பிசிறில் அது மாட்டினாலும் முகம் குப்புற விழுவீர்கள். பூட்டின் கீழேயும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு சாண் அளவும், அரத்தை 45 பாகை சாய்த்து நாலைந்து முறை இழுத்து, கம்மி ஸ்டோன் என்கிற ரப்பர் சாணைக்கல்லால் மழுக்கிவிடுங்கள். எட்ஜ் முழுவதையும் மழுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்டாரியோவின் பனிக்கட்டிச் சரிவில் நான் அதைச் சொல்ல மாட்டேன். பார்க்குக்குப் போகிற வழியிலேயே வழுக்கிவிடும்.

முதல் நாள் ஆரஞ்சு நீள்வட்டப் பலகையில், சின்னது என்பதைக் குறிக்கும் எஸ் (S) போட்டிருக்கும் பகுதிக்கு மட்டும் போங்கள். அங்கே தரையோடு ஒட்டிய அகலமான பாக்ஸ் இருக்கும். மேலே பிளாஸ்டிக் என்பதால் எட்ஜுக்கும் நோகாது. ஸ்கீயை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, பத்துப் பதினைந்து முறை போய் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் எட்ஜை உலர்ந்த துணியால் துடைத்து, பாதத்துக்குக் கீழே வரும் பகுதியில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பிசிறு தூக்கியிருந்தால் அன்றைக்கே அரத்தால் தேய்த்து விடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த முறை ரெயில் அதைப் பிடித்து இழுக்கும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.