கோப்பு லேபிளுக்கு நிறம் கொடுப்பது எப்படி?

நாகர்கோவிலில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் சம்பளப் பட்டியல் வெளி வியாபாரி ஒருவருக்கு மெயிலில் போய்விட்டது. கோப்பில் 'ரகசியம்' என்ற லேபிள் இருந்தது, நிறமில்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. அதன் பிறகுதான் நிறம் கொடுக்க உட்கார்ந்தேன்.

கோப்பு எவ்வளவு ரகசியம் என்று லேபிள் போட உதவும் மைக்ரோசாஃப்ட் பர்வியூவில் லேபிள்களை உருவாக்கி, ஊழியர்களுக்குத் தெரியும்படி பப்ளிஷ் செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எதற்கு எந்த நிறம் என்று தாளில் எழுதுங்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் பச்சை என்றால் நம்மூர்ப் படகு, நீலம் என்றால் கேரளப் படகு என்று தூரத்திலேயே தெரியுமே, அந்த வேகம் வேண்டும். உச்ச ரகசியத்துக்குச் சிவப்புதான் என்றில்லை. அமெரிக்க அரசு ஒட்டும் லேபிள்களில் டாப் சீக்ரெட் ஆரஞ்சு, சீக்ரெட் சிவப்பு, கான்ஃபிடென்ஷியல் நீலம். நாலு நிறத்துக்கு மேல் வேண்டாம், யாருக்கும் மனதில் நிற்காது.

பர்வியூ போர்ட்டலில் லேபிளைத் திறந்து எடிட் கொடுங்கள். பெயரும் விளக்கமும் கேட்கும் பக்கத்திலேயே லேபிள் கலர் இருக்கும். பத்து நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நெக்ஸ்ட் கொடுத்துப் போய்ச் சேமியுங்கள். வேறு நிறத்துக்கு, கட்டளைகளை எழுதி இயக்கும் பவர்ஷெல்லில் ஹெக்ஸ் எண் (நிறத்தைக் குறிக்கும் குறியீடு) கொடுக்கலாம். எனக்குப் பவர்ஷெல்தான் பிடிக்கும், என்ன மாற்றினோம் என்பது எழுத்தில் கையில் இருக்கும்.

ஒரு பகல் முழுக்க நான் மாட்டிக்கொண்ட இடம் இனிதான். 'ரகசியம்' லேபிளுக்குள் 'சம்பளம்' என்று ஒரு துணை லேபிள். அதற்கு மட்டும் சிவப்பு கொடுக்கப் போனால் வழியே இல்லை. அனுமதிக் கோளாறு என்று நினைத்து அட்மின் கணக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். துணை லேபிளுக்குத் தனி நிறம் கிடையாது, தாய் லேபிளின் நிறம்தான் அதற்கும். கடைசியில் 'சம்பளம்' என்பதைத் தனி லேபிளாகவே உருவாக்கினேன். புதியதை, எந்த லேபிள் யாருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லும் பாலிசியிலும் சேர்க்க மறக்காதீர்கள். பழைய கோப்புகள் தானாக மாறாது, ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினோம்.

வேர்டில் நிறம் தெரிய 24 மணி நேரம்வரை ஆகலாம். அதற்குள் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள்.

பின்சேர்க்கை: கூட வேலைபார்க்கும் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிவதாக மார்த்தாண்டம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் அலுவலகத்திலும் பச்சையை எடுத்துவிட்டு நீலம் வைத்துவிட்டேன். நிறம் கொடுத்தால் கோப்பு பூட்டிக்கொள்ளுமா என்று இன்னொருவர் கேட்டார். பூட்டாது. அனுமதி இல்லாதவர்கள் கோப்பைப் படிக்க முடியாமல் செய்யும் என்கிரிப்ஷனை லேபிளில் தனியாக ஆன் செய்ய வேண்டும். 'சம்பளம்' லேபிளுக்கு அதையும் போட்டிருக்கிறேன்.