பருத் தழும்பு: கண்ணாடி முன்னால் நின்று சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள்

பரு அடங்கிய பிறகும் தழும்பு அப்படியே இருந்தால் பலரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ராத்திரி பாத்ரூம் விளக்குக்குக் கீழே முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே சூட்டோடு போனை எடுத்து ஏதாவது ஒரு சீரமோ ரோலரோ ஆர்டர் போட்டுவிடுவது. அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு அநேகமாகப் பணத்துக்கும் கேடு, தோலுக்கும் கேடு. மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் சின்னப் பள்ளத்துக்குக்கூட நிழல் விழுந்து அது ஆழமான குழியாகத் தெரியும். பகலில் ஜன்னலுக்கு நேராக முகத்தைக் காட்டி நின்றால் அதே பள்ளம் பாதி மறைந்துவிடும். போனின் முன் கேமராவை ரொம்பப் பக்கத்தில் வைத்து எடுத்தால் முகத்தின் நடுப்பகுதி பெரிதாகத் தெரியும், அதையும் நம்ப வேண்டாம்.

அதனால் முதல் வேலை, பார்க்கிற முறையை மாற்றுவது. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி இருந்தால் அதை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று 3 படம் எடுத்து வையுங்கள், மறுபடி எடுப்பது 3 மாதம் கழித்துத்தான். தினமும் பார்க்கிற முகத்தில் மெதுவாக நடக்கிற மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாது, தினமும் பார்ப்பதால் வேதனை மட்டும்தான் கூடும். டாக்டரிடம் போகும்போதும் இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

உங்களுக்கு இருப்பது கறையா, பள்ளமா, மேடா

எல்லாவற்றையும் சேர்த்து நாம் தழும்பு என்கிறோம், ஆனால் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. பணம் அதிகமாக வீணாவது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விரலால் தடவினால் தோல் சமமாக இருக்கிறது, நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்றால் அது கறை. பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் வீக்கத்தால் அந்த இடத்தில் மெலனின் என்ற நிறமி கூடியிருக்கிறது, சிவப்பாக இருந்தால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் இன்னும் அடங்கவில்லை. இரண்டுமே பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகவே மங்கும், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். கறை விஷயத்தில் சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த க்ரீமும் தனியாகப் பெரிதாகச் சாதித்துவிடாது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், தினமும். மாநிறமோ கருப்போ என்றால் அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது, ஏனென்றால் கறையைக் கருக்க வைப்பதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. அதோடு அசிலேயிக் ஆசிட், அடப்பலீன் என்ற பூசும் மருந்துகளில் ஒன்றைச் சேர்க்கலாம், முகம் எரிய எரியப் போடக் கூடாது. எரிச்சலே புதுக் கறையைக் கொண்டுவரும். அடப்பலீன் போன்ற ரெட்டினாய்டுகள் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்கு முயற்சிப்பவர்களுக்கும் வேண்டாம்.

விரல் இறங்கினால் அது பள்ளம், அதாவது உண்மையான தழும்பு. தோலின் உள்ளடுக்கில் அதைத் தாங்கி நிற்கிற கொலாஜன் என்ற புரதம் குறைந்துபோனதால் வருவது, க்ரீம் மட்டும் போட்டு நிரப்ப முடியாது. இதிலும் 3 வகை. ஊசியால் குத்தினாற்போல் குறுகலாக, வாய் 2 மில்லிமீட்டருக்குள், உள்ளே ஆழமாகப் போவது ஐஸ் பிக். ஓரம் வெட்டினாற்போல் நேராக இறங்கி, அடி தட்டையாக இருப்பது பாக்ஸ்கார். ஓரமே தெரியாமல் அலை அலையாக இருப்பது ரோலிங், மெத்தையில் பொத்தான் வைத்து இழுத்துத் தைத்த இடம் அமுங்கியிருக்கிறதே, அதே விஷயம்தான், உள்ளே நார் போன்ற இழைகள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். கன்னத்தை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள், பள்ளம் சமமாகிவிட்டால் அது மேலோட்டமானது, இழுத்தும் அப்படியே நின்றால் ஆழமானது. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் வழக்கம்.

தோல் தடித்து மேடாக இருந்தால் கதையே வேறு. தாடை, தோள், நெஞ்சு, முதுகில் அதிகம் வரும். இதற்கு மேலே ஒட்டுகிற சிலிக்கோன் ஷீட், தழும்புக்குள்ளேயே போடுகிற ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி என்று வழி இருக்கிறது. உடம்பில் எங்காவது கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்கிற தடித்த தழும்பு வந்திருந்தால் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் அதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

மனசு விஷயம்

தழும்பைப் பற்றி வருத்தப்படுவது அற்பத்தனம் இல்லை. வெளியே யாரிடமும் சொல்ல முடியாத வருத்தம் இது, சொன்னால் 'இதுக்குப் போயா' என்பார்கள். உங்கள் பழைய முகம் போய்விட்டது என்று துக்கமாக இருந்தால், அது துக்கம்தான், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று: தழும்பால் நீங்கள் எதையெல்லாம் நிறுத்திவிட்டீர்கள்? போட்டோவுக்கு நிற்பதில்லை, வெளிச்சமான இடத்தில் உட்காருவதில்லை, வீடியோ காலில் கேமராவை அணைத்து வைக்கிறீர்கள், இன்டர்வியூவைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். எழுதிப் பாருங்கள். அதில் இருப்பதிலேயே சுலபமானதை இந்த வாரமே செய்யுங்கள், முகம் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளத்துக்கான சிகிச்சை முடிய ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் ஆகும், அத்தனை காலம் வாழ்க்கையை நிறுத்தி வைப்பது பெரிய விலை. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்பதால், சின்னதாக உடைத்துக்கொண்டே போவதுதான் மனநல ஆலோசகர்களும் சொல்கிற வழி. மேக்கப் போட்டுக்கொண்டு போனால் தைரியமாக இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆணாக இருந்தாலும் சரி. தோல் துளைகளை அடைக்காதது (non-comedogenic) என்று லேபிளில் இருப்பதை வாங்கினால் போதும். கறையை அது நன்றாக மறைக்கும், பள்ளத்தை அவ்வளவாக மறைக்காது.

அப்புறம் இந்த 'முகத்துல என்ன ஆச்சு?' கேள்வி. சொந்தக்காரர்கள் கேட்பார்கள், முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்பார்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்து வைத்தியம் வரும். 'பரு வந்தது, டாக்டரைப் பார்க்கிறேன்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பவர் பெரியவராக இருந்தால், 'நீங்க கேட்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமா இருக்கு, இனிமே இதைப் பத்திப் பேச வேண்டாமே' என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கிள்ளுவது, நோண்டுவது இருந்தால் அதுதான் புதுத் தழும்புக்கு நேர் வழி. கண்ணாடி முன் நிற்கிற நேரத்தைக் குறையுங்கள், பருவின் மேல் ஹைட்ரோகொலாய்டு பேட்ச் என்கிற சின்ன ஒட்டுப்பட்டையை ஒட்டி விடுங்கள், கை முகத்துக்குப் போகிற வேளை எது என்று கவனித்து அந்த வேளையில் கைக்கு வேறு வேலை கொடுங்கள். நிறுத்தவே முடியவில்லை என்றால் அது ஒழுக்கக் குறைவு இல்லை, சிகிச்சை இருக்கிற ஒரு நிலை.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தழும்பைப் பற்றிய நினைப்பிலேயே போகிறது, பார்க்கிறவர்கள் 'அவ்வளவாகத் தெரியவில்லையே' என்று சொல்லியும் நம்ப முடியவில்லை, லேசர் செய்த பிறகும் நிம்மதி வரவில்லை என்றால் தோலுக்கு முன்னால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடல் தோற்றம் பற்றிய இந்த ஓயாத வாதைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் மருந்தும் உண்டு, ஆனால் தோல் சிகிச்சையால் அது தீர்வது அபூர்வம். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமோ அவசர உதவி எண்ணிலோ. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது மனநிலை சரிந்தால் மருந்து கொடுத்தவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சை

புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது பழைய தழும்புக்குச் செலவு செய்யாதீர்கள். முதலில் பருவை அடக்குங்கள், ஆழமான பரு எவ்வளவு நாள் வீங்கியே இருக்கிறதோ அவ்வளவுக்குத் தழும்பு விழும் வாய்ப்பும் கூடும்.

பரு அடங்கிய பிறகு வகைக்கேற்றபடி. ரோலிங்குக்குச் சப்சிஷன்: மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஊசியை விட்டு அந்த இழைகளை அறுத்துவிடுவார்கள், சில நாள் வீக்கமும் கன்றிப்போன நிறமும் இருக்கும். இழை அறுபடாமல் மேலே எத்தனை தடவை லேசர் அடித்தாலும் இந்த வகை பெரிதாக மேலே வராது, ஆனால் விளம்பரத்தில் லேசருக்கு இருக்கிற மவுசு சப்சிஷனுக்கு இல்லை. ஐஸ் பிக்குக்கு டிசிஏ கிராஸ், அதாவது அடர்த்தி அதிகமான ட்ரைகுளோரோ அசிட்டிக் ஆசிடை ஒவ்வொரு துளைக்குள்ளும் புள்ளியாக வைப்பது, பல தடவை செய்ய வேண்டியிருக்கும். இந்த ஆசிட் ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் முயற்சி செய்தால் துளை அகலமாகி முன்பைவிட மோசமாகும். தனித்தனியாக நிற்கிற ஆழமான தழும்பை வெட்டி எடுத்துத் தைப்பதும் உண்டு. மேலோட்டமான பாக்ஸ்காருக்கும் பொதுவான சீரற்ற தோலுக்கும் மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது), ஃப்ராக்ஷனல் லேசர் (தோலில் புள்ளி புள்ளியாக மட்டும் லேசர் அடிப்பது). மைக்ரோநீட்லிங் என்றால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 3 முதல் 6 தடவை என்று வைத்துக்கொள்ளலாம். கொலாஜன் உருவாக மாதங்கள் ஆகும், அடுத்த வாரமே கண்ணாடியில் தேடினால் ஏமாற்றம்தான்.

மாநிறம், கருப்பு நிறத் தோலில் லேசருக்குப் பிறகு கறுத்துப்போகும் ஆபத்து அதிகம், அதிலும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் வீரியத்தைக் கூட்டி வைத்தால். அதற்காக லேசரே கூடாது என்றில்லை. குறைந்த அளவில், இடைவெளி விட்டு, முதலில் காது ஓரத்தில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். மைக்ரோநீட்லிங்கில் இந்த ஆபத்து குறைவு. உதட்டில் அக்கி வரும் பழக்கம் இருந்தால் லேசருக்கு முன்பே சொன்னால் மாத்திரை தருவார்கள். வீட்டில் உருட்டுகிற, ஊசிகள் பதித்த டெர்மா ரோலர் வேண்டாம், பரு இருக்கும் முகத்தில் உருட்டினால் கிருமியைப் பரப்புவதுதான் மிச்சம். டூத்பேஸ்ட், எலுமிச்சைச் சாறு, பெயரில்லாத வெளுப்பு க்ரீம் எதுவும் வேண்டாம், அந்த வெளுப்பு க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், முதலில் பளிச்சென்று காட்டிவிட்டுப் பிறகு பருவையும் மெலிந்த தோலையும் கொடுத்துவிட்டுப் போகும்.

யாரிடம் போவது என்றால், தோல் மருத்துவம் படித்தவரிடம். என் முகத்தில் எந்த எந்த வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீர்கள், கருவியை நீங்களே பிடிப்பீர்களா வேறொருவரா, என் நிறத்தில் உள்ளவர்களுக்குச் செய்த முன்-பின் படங்களைக் காட்ட முடியுமா, கறுத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தழும்பின் வகையையே பார்க்காமல் ஒரே கருவியை எல்லோருக்கும் சொல்பவரையும், முழுதாக மறைந்துவிடும் என்று உறுதி தருபவரையும் விட்டு வந்துவிடுங்கள். நல்ல டாக்டர் குறையும் என்றுதான் சொல்வார், சுத்தமாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டார். இன்றைக்கே பேக்கேஜ் கட்டினால் தள்ளுபடி என்றால் வீட்டுக்கு வந்து யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிடலாம்.

எப்போது நிறுத்துவது என்பதை ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள். இத்தனை தடவை செய்வோம், கடைசித் தடவைக்குப் பிறகு 6 மாதம் சும்மா விடுவோம், அதன்பின் அதே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து முதல் படத்தோடு வைத்துப் பார்ப்போம் என்று. அந்தப் படங்களை உங்களோடு சேர்ந்து டாக்டரும் பார்த்த பிறகுதான் அடுத்த சிகிச்சைக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்ற பேச்சு.