குவாரிக்கே நேரா போயி கல்லு வாங்கறவங்களுக்கு

கடக்காலுக்கு சைஸ் கல்லு போதுமுங்க, யூனிட் கணக்குல தருவாங்க, ஒரு யூனிட்னா 100 கன அடி, லாரி வந்ததும் டேப் வெச்சு நீளம் அகலம் உயரம் அளந்துக்கோணும், சந்து விட்டு அடுக்கியிருக்குதான்னும் பாருங்க, டிரைவர் அவசரப்படுத்துவாரு, கண்டுக்காதீங்க.

தரைக்கு கிரானைட் எடுக்கறதுலதான் வேலையே இருக்குது. சுத்தியலால லேசா தட்டுனா கணீர்னு கேக்கோணும், பொத்துனு கேட்டா உள்ள விரிசல் இருக்கலாம். பாலிஷ் போடாத பக்கம் கொஞ்சம் தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் நில்லுங்க, சட்டுனு ஊறி கறுத்துப்போச்சுன்னா சமையல்கட்டுக்கு ஆகாது, எண்ணெய்க்கறை புடிச்சா லேசுல போகாதுங்க. கருப்புக் கல்லுன்னா வெள்ளைத்துணில அசிட்டோன் தொட்டு தேச்சுப் பாருங்க, துணி கறுத்தா சாயம் ஏத்துன கல்லு. ஒரு ஹாலுக்கு வேணுங்கறத ஒரே பிளாக்குல (பெரிய பாறைத் துண்டுல) அறுத்த ஸ்லாபா, அதாவது பலகைக் கல்லா, வரிசை நம்பரோட கேளுங்க, உடைசலுக்கு நூத்துக்கு பத்து சேத்தியே எடுங்க, மறுக்கா போனா அதே நெறம் கெடைக்கறது கஷ்டம். வாசலுக்கு பாலிஷ் வேண்டாம், ஃபிளேம் பண்ணுனது, அதாவது தீயில சுட்டு சொரசொரப்பாக்குனது, லேசுல வழுக்காது.

குடும்பமா நடத்தற குவாரின்னா பெரியவரு இருக்கற நேரமா போங்க, எந்தப் பக்கத்துப் பாறை எப்படின்னு அவருக்குத்தான் அத்துப்படி, விலைய மகன்கிட்ட பேசிக்கலாம். நடைச்சீட்டு, அதாவது கல்லு கொண்டுபோறதுக்கான அனுமதிச் சீட்டு, இல்லாம லாரிய நகத்த விடாதீங்க. சாமி சிலை வேலைன்னா குவாரிக்காரங்களக் கேக்காம, அவிநாசி பக்கத்துல இருக்கற திருமுருகன்பூண்டி சிற்பிங்ககிட்ட போயிருங்க.