ஸ்பீக்கர் ஒயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பார்த்துப் பார்த்துப் பணம் செலவழித்தவர்கள்கூட, இரண்டையும் இணைக்கும் ஒயரை வாங்கும்போது அதன் பளபளப்பையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது செம்புதானா, அதன் குறுக்குவெட்டுப் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர், எத்தனை மீட்டர் ஓட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான ஒயருக்குப் பெரும் பணம் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மலிவு ஒயர்களில் மிகுதியாக ஏமாற்றம் தருவது, அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்பு போர்த்திய, சிசிஏ எனப்படும் வகைதான். ஒருமுறை 2.5 சதுர மி.மீ. என்று சொல்லித் தந்த ஒரு சுருளை வாங்கி வந்தேன். கையில் எடுத்தபோதே அந்த அளவுச் செம்புக்குரிய கனம் அதில் இல்லை. முனையில் உறையை நீக்கி, ஓர் இழையைத் தனியே பிரித்துப் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். இரண்டாவது சுரண்டலிலேயே சிவப்பு நிறம் போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. செம்பின் அடர்த்தி ஏறத்தாழ 9, அலுமினியத்தினுடையது 2.7 என்பதால் கையில் உணரும் எடையே முதல் சோதனை. சுரண்டிப் பார்ப்பது இரண்டாவது. ஈயம் பூசிய நல்ல செம்பும் மேலே வெள்ளையாகவே இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவக்கும் என்பதால், மேல்நிறத்தை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது. சிசிஏ ஒயர் செம்பைப் போல மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும், அதாவது 2.5 சதுர மி.மீ. சிசிஏ, ஏறக்குறைய 1.6 சதுர மி.மீ. செம்புக்குத்தான் சமம். போதாக்குறைக்கு அதன் இழைகள் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் செம்பைவிட விரைவாக ஒடிந்துவிடுகின்றன.

அடுத்த தவறு, கம்பியின் பருமனைக் குறிக்கும் 'கேஜ்' எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது. அமெரிக்க அளவுமுறையில் 16 கேஜ் என்பது 1.3 சதுர மி.மீ.; பழைய பிரிட்டிஷ் அளவுமுறையிலோ அதே 16 கேஜ் ஏறத்தாழ 2.1 சதுர மி.மீ. எந்த முறை என்று கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சில இடங்களில் 40/76 என்பது போன்ற எண் வழங்குகிறது. அங்குலத்தின் பத்தாயிரத்தில் 76 பங்கு பருமனுள்ள 40 இழைகள் என்பது அதன் பொருள், கணக்கிட்டால் சுமார் 1.2 சதுர மி.மீ. வரும். எதைச் சொன்னாலும் அதைச் சதுர மி.மீ. கணக்குக்கு மாற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

எவ்வளவு பருமன் வேண்டும் என்பதை முடிவு செய்வது தூரம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 5 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்கு மின்தடையை 10 மீட்டருக்குக் கணக்கிட வேண்டும். நெகிழ்வான பல இழைச் செம்பு ஒயரின் மின்தடை, 0.75 சதுர மி.மீ.யில் அந்தப் பத்து மீட்டருக்கு 0.26 ஓம், 1.5இல் 0.13 ஓம், 2.5இல் 0.08 ஓம். ஒயரின் மின்தடை, ஸ்பீக்கரின் மின்மறிப்பில் (பாட்டின் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி: 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. ஆனால் 8 ஓம் என்று பெட்டியில் எழுதியிருப்பது பெயரளவுக்குத்தான். சில சுரங்களில் அது 5 ஓமுக்கு அருகே இறங்கும், வேறு சில சுரங்களில் 20 ஓமுக்கு மேலும் ஏறும். ஒயரின் மின்தடை கூடினால் மொத்த ஒலி மட்டும் குறைவதில்லை. மின்மறிப்பு தாழும் இடங்களில் கூடுதலாகவும் உயரும் இடங்களில் குறைவாகவும் இழப்பு ஏற்பட்டு, ஒலியின் நிறமே சற்று மாறுகிறது. எனவே நான் அந்த விதியில் பாதியைத்தான் எல்லையாகக் கொள்கிறேன். அதன்படி 5 மீட்டர் தூரத்தில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மி.மீ. செம்பும், 4 ஓமுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பும் போதும்.

மின்சாமான் கடையில் கிடைக்கும், மின்கம்பிகளுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 694-க்குரிய ஐஎஸ்ஐ முத்திரை கொண்ட பல இழைச் செம்பு ஒயரில் சிவப்பும் கறுப்பும் வாங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிப் பயன்படுத்தினால் இந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: அதை வீட்டு மின்கம்பிகள் ஓடும் குழாய்க்குள் ஒருபோதும் நுழைக்க வேண்டாம். பின்னாளில் பழுது பார்க்க வருபவர் எது எது என்று தெரியாமல் மாற்றி இணைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

'ஆக்சிஜன் இல்லாத செம்பு' என்ற அச்சுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. மின்கம்பிகளுக்கான சாதாரணச் செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் உள்ள வேறுபாடு ஒரு சதவீத அளவே. இடது, வலது ஒயர்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காக அருகிலுள்ள ஸ்பீக்கருக்கும் 5 மீட்டர் வாங்குவதும் வீண். 3 மீட்டர் வேறுபாடு காதுக்குத் தெரியாது.

நல்ல ஒயர் வாங்கியும் முனையில் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. உறையை 10 மி.மீ. அளவுக்கு மட்டும் நீக்கி, இழைகளை இறுக முறுக்கிச் செருக வேண்டும். வெளியே நீட்டிய ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் பழுதாகலாம். திருகின் கீழ் வைக்கும் முனைக்கு ஈயம் பற்றவைப்பதும் தவறு, ஏனெனில் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி நாளடைவில் பிடி தளர்ந்துவிடும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், வலுவிழந்து கேட்கும். ஒயரின் இரு கம்பிகளும் ஒரே நிறமாக இருந்து ஐயம் வந்தால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளைக் கழற்றி, அவற்றில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். பேட்டரியின் நேர்முனை தொடும் கம்பி ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போயிருந்தால், வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஒலிப்பான்) கூம்பு வெளிப்புறமாக நகரும். அந்தக் கம்பியில் உடனே சிவப்பு டேப் சுற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனையில் இணைக்கலாம்.