பழைய கிட்டாருக்கு விலை போடுவது எப்படி

கிட்டார் ரிப்பேர்தான் என் பிழைப்பு. "இது எவ்வளவு போகும்?" என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தலைப்பகுதியில் இருக்கும் கம்பெனி பெயரைத்தான் காட்டுவார்கள். என் கண் முதலில் போவது சாடிலுக்கு. கிட்டார் உடம்பின் மேல் ஒட்டியிருக்கும் மரக்கட்டைதான் பிரிட்ஜ்; அதன் மேல் கம்பிகள் ஏறிப் படியும் அந்த வெள்ளைத் துண்டுதான் சாடில். இங்கே நான் சொல்வதெல்லாம் ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மட்டும்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. வருஷக்கணக்கில் அந்த இழுப்பைத் தாங்கும் நெக் (விரல் அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதி), உடம்போடு சேரும் இடத்தில் மெதுவாக முன்பக்கம் சாய்கிறது. கம்பி உயர்கிறது, விரல் வலிக்கிறது. உடனே யாராவது சாடிலைத் தேய்த்துக் கம்பியை இறக்கிவிடுவார்கள். அடுத்த சில வருஷத்தில் மறுபடி தேய்ப்பு. கடைசியில் தேய்க்க சாடில் இருக்காது.

அதனால் ஒரு ஸ்கேலை எடுத்து 12வது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் 12வது) வையுங்கள். தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் ஃப்ரெட்டின் மேல்முனைக்கும் நடுவே 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. 3-ஐத் தாண்டினால் சாடிலைப் பாருங்கள். பிரிட்ஜுக்கு மேலே 3 மில்லிமீட்டர் போல நீட்டிக்கொண்டிருந்தால் கவலையில்லை, இன்னும் இறக்கலாம். ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம், கம்பியும் உயரம் என்றால் நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்தி ஒட்ட வேண்டும். "ட்ரஸ் ராடைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராட் நெக்கின் வளைவைத்தான் சரிசெய்யும், உடம்போடு அது சேரும் கோணத்தைத் தொடவே தொடாது.

நெக் திருத்தும் கூலி கிட்டாரின் தரத்தைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. விலையுயர்ந்த மார்ட்டின் கம்பெனி கிட்டாருக்கு அது ஒரு பராமரிப்புச் செலவு. மலிவான பிளை (ஒட்டுப்பலகை) கிட்டாருக்கோ சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அடுத்து டாப், அதாவது கிட்டாரின் முன்பலகை. அதன் நடுவிலுள்ள வட்ட ஓட்டையான சவுண்ட் ஹோலின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகை அப்படியே விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளை. ஒரே பலகை டாப்தான் மறுவிற்பனையில் விலை நிற்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் லேசான மேடு இருப்பது சகஜம். ஆனால் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதம் உள்ளே நுழைந்தால் ஒட்டு விடத் தொடங்கியிருக்கிறது. ரேகையோடு ஓடிய விரிசலை உள்ளே முட்டுக்கொடுத்துச் சுத்தமாக ஒட்டியிருந்தால் கொஞ்சம்தான் குறையும். தலையும் நெக்கும் சேரும் இடத்தில் உடைந்து ஒட்டியதாக இருந்தால், எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், நான் பாதி விலைக்குப் பக்கத்தில்தான் சொல்வேன்.

ஃப்ரெட் தேய்மானம், ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) எல்லாம் சில்லறைச் செலவு, கழித்துக்கொண்டால் போதும்.

மாடலையும் வருஷத்தையும் உறுதி செய்யுங்கள். மார்ட்டினில் சவுண்ட் ஹோல் வழியாகப் பார்த்தால் நெக் பொருந்தும் உட்கட்டையான நெக் பிளாக்கில் சீரியல் எண் தெரியும். 1898 முதல் வரிசையாக ஓடும் எண் என்பதால் வருஷம் எளிதில் கிடைத்துவிடும். கிப்சன் கம்பெனியில் 1960களில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், எண்ணை மட்டும் நம்பி வருஷம் சொல்ல முடியாது. மாடலில் ஒரு இலக்கம் மாறினாலும் பின்பலகை, பக்கப்பலகை மரம் மாறும்: மார்ட்டினின் டி-18 மஹோகனி, டி-28 ரோஸ்வுட். 1969 வரை வந்த டி-28-இல் பிரேசில் ரோஸ்வுட் இருந்தது. 1992 முதல் அந்த மரத்துக்கு சர்வதேசக் கட்டுப்பாடு இருப்பதால் வெளிநாட்டுக்கு விற்க அனுமதிப் பத்திரம் வேண்டும். பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. முப்பது வருஷப் பிளை கிட்டார் வெறும் பழைய பிளை கிட்டார்தான். விண்டேஜ் கிட்டாரைப் புதிதாகப் பாலிஷ் அடித்துப் 'பளபளப்பாக்கினால்' விலை ஏறாது, பெருமளவு சரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் கேட்கும் விலை ஆசை விலை. கைமாறிய விலைதான் உங்களுக்கு வேண்டும். ஏலத் தளங்களில் 'விற்றவை' என்று வடிகட்டி, அதே மாடலில் ஏழெட்டு எடுத்து, உச்சமும் அடிமட்டமும் தள்ளி நடுவிலிருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். புதுசு 100 என்றால், இன்னும் தயாரிப்பில் இருக்கும் மாடல் நல்ல நிலையில் 60, 70-க்குப் போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 65 என்று வைப்போம். ஃப்ரெட் வேலைக்கு 8 கழித்தால் 57. கடைக்காரர் அதை விற்று லாபம் பார்க்க வேண்டும், ஆகவே அவர் 30 சொன்னால் ஏமாற்றுகிறார் என்று கோபப்பட வேண்டாம்.

ஒரிஜினல் ஹார்ட் கேஸ் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். பிற்பாடு பொருத்திய பிக்கப்புக்கு (ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) போட்ட காசு திரும்பாது. அதற்காகக் கிட்டாரின் பக்கப்பலகையில் ஓட்டை வெட்டியிருந்தால் குறையத்தான் செய்யும். வாரண்டியையும் விலையில் சேர்க்காதீர்கள், மார்ட்டின், டெய்லர் ஆகிய இரண்டு கம்பெனிகளிலும் ஆயுள் வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். ஆள் பார்க்க வருமுன் புதுக் கம்பி மாட்டிவிடுங்கள். அப்புறம், வந்த விலைக்கு மேல் பத்து சதவீதம் ஏற்றிச் சொல்லுங்கள். பேரம் பேசாமல் வாங்குபவரை நான் இன்னும் பார்க்கவில்லை.