கயிற்றின் மறுமுனை

ராமநகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கருங்கல் குன்று இருக்கிறது. கயிறு கட்டிப் பாறை ஏறுவதற்கு மொத்தம் பதினோரு ரூட், அதாவது ஏறும் வழிகள். யாரோ பல வருஷம் முன்னால் கயிறு மாட்டப் பாறையில் துளையிட்டு போல்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த ரூட் எத்தனை மீட்டர் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால்கூட நம்மைத் தவிர அங்கே இருப்பது ஆடுகள்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் நான் பத்து வருஷமாக அங்கே போய் வருகிறேன். போன மாதம் இரண்டு தம்பிகள் வந்திருந்தார்கள். ஜிம் சுவரில் ஒரு வருஷம் ஏறிப் பழகியவர்கள், நிஜப் பாறைக்கு வருவது இரண்டாவது தடவை. ஒரு மணி நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் பழைய கூத்தெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஹெல்மெட், இடுப்பில் கட்டும் ஹார்னஸின் பக்கிள், அதில் கயிற்றைக் கட்டும் எட்டு முடிச்சு பற்றியெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஜிம்மிலிருந்து பாறைக்கு வருகிறவர்கள் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

மறுமுனையில் முடிச்சு போடாமல் ஏறுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. ஜிம் சுவர் பதினைந்து மீட்டருக்குள் முடிந்துவிடும், கயிற்றின் நீளம் போதாமல் போவது அங்கே நடக்காது. அதனால் கயிற்றுக்கு இன்னொரு முனை உண்டு என்பதே பலருக்கு மறந்துபோகிறது.

கணக்கு எளிது. 28 மீட்டர் ரூட்டில் மேலே ஆங்கரில், அதாவது உச்சியில் அடித்த பிடிமானத்தில், கயிற்றை மாட்டி ஆளை இறக்கினால், கயிறு ஆங்கருக்கு இரண்டு பக்கமும் தொங்கவேண்டும், ஆக 56 மீட்டர். 60 மீட்டர் கயிறு இருந்தால் போதும். ஆனால் அது உண்மையிலேயே 60 மீட்டர்தானா?

எட்டு வருஷம் முன்னால் இதே குன்றின் இடது ஓரத்து ரூட்டில் நண்பன் ஏறினான், நான் பிலே, அதாவது கீழே நின்று ஒரு கருவி வழியாகக் கயிற்றை விட்டுப் பிடிப்பவன். கயிறு அவனுடையது. உறை பிய்ந்துவிட்டதென்று ஒரு முனையில் நாலு மீட்டரை வெட்டி எறிந்திருக்கிறான். அதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் ஆங்கரைத் தொட்டு, இறக்கச் சொன்னான். நான் அண்ணாந்து அவனையே பார்த்தபடி இறக்கிக்கொண்டிருந்தேன். காலடியில் கிடந்த கயிற்றை யார் பார்ப்பார்கள்? திடீரென்று வலது உள்ளங்கையில் கரடாக ஏதோ உரசியது. வெட்டின முனையை லைட்டரில் உருக்கியிருந்தான், அந்தக் கருப்புக் கட்டிதான் அது. அதற்கப்புறம் கயிறு இல்லை. இன்னும் ஒரு சாண் விட்டிருந்தால் முனை பிலே கருவிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிருக்கும்.

அவன் ஓர் ஆளுயரத்துக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தான். கீழே புல் இல்லை, ஆட்டுக்கல் அளவில் உடைந்த பாறைகள். நான் சரிவில் நன்றாகவே தள்ளி நின்றிருந்தேன். கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் பாறையை ஒட்டிப் போய் நின்றேன். அதில் மிச்சமான நீளத்தில்தான் அவன் கால் தரை தொட்டது. அன்றைக்கு வேறு ரூட் எதையும் நாங்கள் தொடவில்லை.

ஆளுயரம்தானே, விழுந்தால் என்ன என்று அந்தத் தம்பிகளில் ஒருவர் கேட்டார். ரூட் ஒரு மீட்டர் கூடினால் கயிறு இரண்டு மீட்டர் குறையும். 28 என்று நினைத்தது 32 ஆக இருந்தால், பற்றாக்குறை எட்டு மீட்டர் கூடும். அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவது.

"அண்ணா, கிரிகிரிதானே போட்டிருக்கோம், அது பிடிச்சுக்காதா?" என்றார் இன்னொருவர். கிரிகிரி என்ற பிலே கருவி கயிற்றை நெரித்துத்தான் பிடிக்கும். இறக்கும்போது அதன் கைப்பிடியை நாமே இழுத்துத் திறந்து வைத்திருக்கிறோம். முனை வெளியே போய்விட்டால் அது எதை நெரிக்கும்?

கயிற்றின் சரிபாதியைக் காட்டும் நடுக்குறியையும் முழுசாக நம்பாதீர்கள். 60 மீட்டர் கயிற்றில் ஒரு முனையை நாலு மீட்டர் வெட்டினால், கருப்பு மைக்குறிக்கு ஒரு பக்கம் 30, மறுபக்கம் 26. நீளமான பக்கத்தைக் கட்டிக்கொண்டு ஏறினால் அந்தக் குறி பொய் சொல்லும். வெட்டாத கயிறுகூடப் பழகப் பழகக் கொஞ்சம் சுருங்கும். குறி சரியாக இருந்து, ஏறுகிறவர் ஆங்கரைத் தொடும் முன்பே அது பிலே பண்ணுகிறவரின் கையைத் தாண்டினால், அப்போதே கத்தி நிறுத்துங்கள்.

பரிகாரத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. மறுமுனையில் ஒன்றரை சாண் வால் விட்டு இரட்டைச் சுற்று முடிச்சு போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் அந்த முனையைப் பிலே பண்ணுகிறவரின் ஹார்னஸிலேயே கட்டிவிடுங்கள். நான் கட்டிவிடுகிற கட்சி, ஏனென்றால் பேச்சு சுவாரஸ்யத்தில் முடிச்சை மறந்துவிடுகிற ஆள் நான். ஆள் இறங்கினதும், கயிற்றை உருவும் முன் அவிழ்க்க மறக்காதீர்கள். முடிச்சு மேலே போய் ஆங்கரில் சிக்கிக்கொண்டால் அது வேறு தலைவலி.

கூட்டமான பாறையில் பக்கத்து ரூட்காரர் யாராவது "முனையைப் பாருங்க" என்று குரல் கொடுப்பார். இங்கே குரல் கொடுக்க ஆடு மேய்க்கிறவர் மட்டும்தான், அவருக்கும் கிரிகிரி தெரியாது.

போல்ட் இருக்கிறதே என்று நம்புவது

துருவேறாத எஃகில் செய்த நல்ல போல்ட், தரச்சான்றுப்படி பக்கவாட்டில் 25 கிலோநியூட்டன், அதாவது சுமார் இரண்டரை டன் எடை, தாங்கவேண்டும். அது புதிதாகச் சரியாக அடித்த போல்டுக்கான கணக்கு. ஆள் வராத பாறையில் பத்துப் பதினைந்து மழைக்காலம் பார்த்த போல்ட் என்ன தாங்கும் என்று எண் சொல்ல எனக்குத் தைரியமில்லை. போல்டில் மாட்டிய தகடான ஹேங்கர் விரலில் சுழல்கிறதா பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் இறுக்கலாம், அதற்காகப் பையில் ஒரு சின்ன ஸ்பேனர் கிடக்கட்டும். போல்டே ஆடினால், அதைச் சுற்றிக் கல் பொரிந்திருந்தால், துளையிலிருந்து செம்பழுப்பு நீர் வழிந்த கோடு தெரிந்தால் அன்றைக்கு அந்த ரூட் வேண்டாம். ஹேங்கர் பளபளவென்று இருக்க, போல்டின் தலை மட்டும் துருப்பிடித்திருந்தால் கூடுதல் சந்தேகம் தேவை. இரண்டும் வேறு வேறு உலோகம் என்றால், ஈரம் பட்டதும் ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்பது

ஏறினவரைக் கீழிருந்து இறக்குவதா, அவரே ராப்பல் செய்து, அதாவது கயிற்றில் தானாக இறங்கி, வருவாரா என்பதைத் தரையிலேயே முடிவு செய்யுங்கள். மேலே காற்று அடித்தால் "சரி" மட்டும்தான் காதில் விழும், எதற்குச் சரி என்பது விழாது.

வெயில்

மார்ச்சில் பதினோரு மணிக்குக் கருங்கல்லைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

யாரையும் கேட்காமல் நேரே ஏறுவது

ராமநகரத்தின் ராமதேவர பெட்டா 2012 முதல் பாறு கழுகுகளின் சரணாலயம். அங்கே போல்ட் கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள். மற்ற குன்றுகளில் பிரச்சினை மலைத்தேனீ. பெரிய பாறை முகப்பின் கீழ்ப்பக்கம் ஒற்றை அடையாகக் கட்டும், கூட்டமாக இடம் மாறிப் போகும், பழைய இடத்துக்கே திரும்பியும் வரும். அதனால் போன தடவை இல்லை என்பது கணக்கில் வராது.

அடையைத் தூரத்தில் நின்றே தேடுங்கள். அப்புறம் ஆட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்குக் கன்னடம் அரைகுறைதான், ஆனாலும் "ஜேனு இதியா?" (தேனீ இருக்கிறதா?) போதும். போன மாதம் அவர் பேசவே இல்லை. கம்பை நீட்டி வலது ஓரத்து ரூட்டுகள் மூன்றையும் காட்டினார். நாங்கள் இடது பக்கம் போய்விட்டோம்.