கலிஃபோர்னியக் கடலோரத்தில் தேனிலவு: புதுமணத் தம்பதியர் பயணத்தைத் திட்டமிடும் முறை

அமெரிக்காவுக்குத் தேனிலவு செல்லத் தீர்மானிக்கும் தம்பதியர் பலரும் முதலில் செய்வது, நியூயார்க், நயாகரா, லாஸ் வேகஸ், சான் பிரான்சிஸ்கோ, மயாமி என்று பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு, கையில் இருக்கும் பன்னிரண்டு நாட்களை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். நானும் என் கணவரும் முதலில் போட்ட திட்டமும் அப்படியே இருந்தது. அதில் இருந்த ஐந்து உள்நாட்டு விமானப் பயணங்களுக்காக விமான நிலையங்களில் கழியப்போகும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, மூன்று முழுப் பகல்கள் அதிலேயே போய்விடும் என்று தெரிந்தது. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, ஒரே கடற்கரை, ஒரே சாலை, ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது இரண்டு இரவுகள் என்று முடிவு செய்தோம். மணமான சில நாட்களிலேயே ஒருவர் தூங்கும் நேரம், பசிக்கும் நேரம், களைப்பு வந்தால் பேசும் விதம் ஆகியவற்றை மற்றவர் அறிந்துகொள்ளத் தொடங்கும் பயணம் இது. அதற்கு நிறைய ஊர்கள் வேண்டியதில்லை, நிறைய நேரம் வேண்டும்.

கார் ஓட்டத் தயங்குபவர்களுக்குக் கிழக்குக் கடற்கரை பொருந்தும். நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு ஆம்ட்ராக் ரயிலில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கிருந்து கோடைக்காலத்தில் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரத்தில் கேப் காட் முனையில் இருக்கும் பிராவின்ஸ்டவுனை அடையலாம். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது மேற்குக் கடற்கரையின் முதலாம் எண் நெடுஞ்சாலை. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கித் தெற்கு நோக்கி வாருங்கள், எதிர்த்திசையில் வேண்டாம். அமெரிக்காவில் வண்டிகள் வலப்புறம் செல்வதால், தெற்கே வரும்போது கடல் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். சாலையோரக் காட்சித் திடல்களில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் எளிதாக ஒதுங்கி நிறுத்தலாம்.

காலத்தைப் பொறுத்தவரை செப்டம்பரும் அக்டோபரும்தான் என் தேர்வு. கோடைக்காலம் என்று நம்பி ஜூன், ஜூலையில் மெல்லிய பருத்தி உடைகளோடு சான் பிரான்சிஸ்கோவில் இறங்குபவர்கள் குளிரில் நடுங்குவார்கள். பசிபிக் கடலின் குளிர்ந்த நீரின்மேல் உருவாகும் மூடுபனி அம்மாதங்களில் பல நாட்கள் நகரைப் போர்த்திவிடும். கோல்டன் கேட் பாலத்தின் கோபுரங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பள்ளிகள் திறந்துவிட்ட செப்டம்பரில் கூட்டமும் குறைந்திருக்கும், வானமும் தெளிந்திருக்கும். எந்த மாதமானாலும் இருவருக்கும் ஒவ்வொரு காற்றுத் தடுப்பு மேலங்கி அவசியம்.

ஆவணங்களில் புதுமணப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ள எண்ணுபவர்கள் அந்த வேலையைப் பயணம் முடியும்வரை தள்ளிவைப்பது நல்லது. கடவுச்சீட்டிலும் விசாவிலும் விமானச் சீட்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். அழைப்பிதழில் அச்சான புதுப்பெயரில் சீட்டு எடுத்துவிட்டுப் பழைய பெயருள்ள கடவுச்சீட்டோடு நிற்பது வீண் சங்கடம். ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். வாடகைக் கார் எடுப்பவர் 25 வயதுக்குக் குறைந்தவரானால் நாள்தோறும் கூடுதல் கட்டணம் சேரும் என்பதால், இருவரில் வயது கூடியவர் பெயரில் காரைப் பதிவு செய்யுங்கள். வாழ்க்கைத் துணையை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்க்கப் பல நிறுவனங்கள் பணம் வாங்குவதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

முதல் மூன்று இரவுகளைச் சான் பிரான்சிஸ்கோவில் வையுங்கள், ஆனால் அங்கே கார் எடுக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயில் சுமார் அரை மணி நேரத்தில் நகர நடுவில் கொண்டுபோய் விடும். விடுதிகளில் காரை நிறுத்த ஓர் இரவுக்கு 50 டாலருக்கு மேலும் கேட்பதுண்டு. தெருவில் நிறுத்திய கார்களின் கண்ணாடியை உடைத்துப் பைகளை எடுத்துச் செல்லும் திருட்டும் அந்நகரின் நெடுநாள் தொல்லை. 1873இல் ஓடத் தொடங்கிய, தெருத் தண்டவாளத்தில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் கேபிள் கார், 1937இல் திறந்த கோல்டன் கேட் பாலத்தின் நடைபாதை, 33ஆம் படகுத்துறையிலிருந்து அல்கட்ராஸ் தீவு ஆகிய மூன்றும் போதும். 1963இல் மூடப்பட்ட அல்கட்ராஸ் சிறையைப் பார்க்கும் சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடுவதால், பயணத் தேதி உறுதியானவுடன் வாங்கிவிடுங்கள். நேர மாற்றத்தால் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தால் வருந்த வேண்டாம்; ஆளில்லாத விடியலில் கடலோரமாக நடப்பதற்கு அது வாய்ப்பு.

நான்காம் நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு மான்டரேக்குப் புறப்படலாம். வேகப் பலகைகள் மைலில் இருக்கும். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். ‘STOP’ என்று எழுதிய நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில், சாலையில் ஒருவரும் இல்லாவிட்டாலும், சக்கரம் முழுதாக நின்ற பிறகே நகர வேண்டும். நான்கு பக்கமும் பலகை இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் செல்வார். சிவப்பு விளக்கில் முழுதாக நின்றுவிட்டு வலப்புறம் திரும்பக் கலிஃபோர்னியாவில் அனுமதி உண்டு, தடைப் பலகை இருந்தால் மட்டும் கூடாது. பெட்ரோல் நிலையக் கருவி அட்டையைச் செருகியதும் அமெரிக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். வெளிநாட்டு அட்டை அங்கே பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால், உள்ளே போய்க் கருவியின் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டுங்கள்.

மான்டரேயில் 1984 முதல் இயங்கும் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு அரை நாள் கொடுக்கலாம். இரவு தங்குவதற்கு அடுத்துள்ள கார்மெல் அழகு. அங்கே குடியிருப்புத் தெருக்களில் விளக்குகள் கிடையாது. இரவு உணவுக்கு நடந்து போகக் கைவிளக்கு வேண்டும். மர வேர்கள் புடைத்த நடைபாதைகளை எண்ணி, இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட குதிகால் செருப்பு அணிய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1963இல் அவ்வூர் விதி செய்தது. நகர மண்டபத்தில் அச்சீட்டை இலவசமாகவே தருகிறார்கள். புதுமணத் தம்பதியருக்கு நல்லதொரு நினைவுப் பொருள்.

கார்மெலிலிருந்து சான் சிமியோன் வரையிலான சுமார் 90 மைல்தான் பிக் சர், இந்தப் பயணத்தின் உயிர். நிறுத்தாமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; தயவுசெய்து ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள், இயன்றால் நடுவில் ஓர் இரவும் தங்குங்கள். புறப்படும் முன் பெட்ரோலை நிரப்பி, உணவும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வரைபடத்தைக் கைபேசியில் தரவிறக்கி வையுங்கள், ஏனென்றால் வழியில் பெரும்பகுதி அலைவரிசை கிடைக்காது. காலை பத்து மணிக்கு முன் கிளம்பாதீர்கள். மூடுபனி விலக அவகாசம் வேண்டும். 1932இல் திறந்த பிக்ஸ்பி பாலம் ஓடைக்குச் சுமார் 260 அடி உயரத்தில் ஒற்றைக் காங்கிரீட் வளைவில் நிற்கிறது. அதைப் பார்க்க விரும்புவோர் ஒதுக்கிய இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டும். மேலும் தெற்கே மெக்வே அருவி 80 அடி உயரத்திலிருந்து மணற்பரப்பில் விழுகிறது. அந்த மணலில் இறங்க அனுமதி இல்லை, மேலே உள்ள பாதையிலிருந்துதான் பார்க்கலாம். எந்தக் கரையிலும் அலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென ஒரு பெரிய அலை எழுந்து ஆட்களை இழுத்துச் சென்ற விபத்துகள் இக்கரையில் நடந்திருக்கின்றன.

இச்சாலை மலைச்சரிவில் செதுக்கப்பட்டது என்பதால், மழைக்காலத்துக்குப் பின் நிலச்சரிவால் மூடப்படுவது வழக்கம். 2017 மே மாதம் மட் கிரீக் என்னும் இடத்தில் மலையே சரிந்து சாலையை மூடியபோது, மீண்டும் திறக்க 2018 ஜூலை ஆயிற்று. ஆகவே மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் சாலை நிலவர வரைபடத்தை முதல் நாள் இரவே பாருங்கள். நடுவில் மூடியிருந்தால், கார்மெலிலிருந்து மெக்வே அருவி வரை போக முடிகிறதா என்று பார்த்து, போய்த் திரும்பி, 101ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகச் சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு இறங்குங்கள், பயணம் கெட்டுவிடாது. விடுதியை முன்பதிவு செய்யும்போது பணம் திரும்பக் கிடைக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதற்காகவே.

அடுத்த இரண்டு இரவுகளுக்குக் கேம்பிரியா அல்லது மோரோ பே. சான் சிமியோனுக்கு வடக்கே பியட்ராஸ் பிளாங்காஸ் கரையில் யானைச் சீல்கள் என்னும் பெரிய கடல் விலங்குகள் நூற்றுக்கணக்கில் படுத்திருப்பதை வேலிக்கு இப்பால் நின்று கட்டணமின்றிப் பார்க்கலாம். எங்கள் பயணத்தில் நாங்கள் அதிக நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

செலவுக் கணக்கில் விலைப்பட்டியலை நம்பிவிடக் கூடாது. கடைகளில் எழுதியிருக்கும் விலையோடு விற்பனை வரி சேரும்; கலிஃபோர்னியாவில் அது குறைந்தது 7.25 சதவீதம். உணவகத்தில் பரிமாறுபவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம், ஆனால் ரசீதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடுதி வாடகையின்மேல் நகர வரி வரும். கடலோர ஊர்களில் வெள்ளி, சனி இரவுகளின் வாடகை மிக உயரும் என்பதால், வார இறுதி பெருநகரத்தில் கழியும்படி நாட்களை அடுக்கினால் கணிசமாக மிஞ்சும்.

கடைசிக் கடலோர ஊராகச் சான்டா பார்பரா அமையட்டும். 1925 நிலநடுக்கத்துக்குப் பின் ஸ்பானியப் பாணியில் மீண்டும் கட்டப்பட்ட ஊர் அது; நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்குக் கட்டணமின்றி ஏறினால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கடலும் ஒருசேரத் தெரியும். இரண்டு இரவுகள் தங்கியபின் காரை அங்கேயே ஒப்படைத்துவிடலாம். வேறிடத்தில் ஒப்படைப்பதற்கான கட்டணத்தை முன்பதிவின்போதே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், டாங்கை நிரப்பிக் கொடுங்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்குப் பசிபிக் சர்ஃப்லைனர் ரயிலில் ஏறி, போகும் திசையில் வலப்பக்க இருக்கைகளைப் பிடியுங்கள். பாதையின் நல்லதொரு பகுதி கடலை ஒட்டியே செல்கிறது. அதுவரை மாறி மாறிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் அந்த இரண்டரை மணி நேரமாவது ஒரே சன்னலில் சேர்ந்து பார்க்கலாம்.